சாமியிடம் கேட்காத கேள்வி

அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஆத்தூர் ரோட்டை ஒட்டிய ஓர் ஊரில் பதினெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு நான் ஒரு பெயர் வைத்து, பெரிய பலகையும் மாட்டியிருக்கிறேன். ஊர் அதைப் படித்ததே இல்லை. ஊருக்கு அது 'குடிப்பீங்களா கடை'.

காரணம் நான்தான். மருந்துச் சீட்டை நீட்டுகிற எவரையும், அதைப் படித்த கையோடு, "குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவேன். குரலைத் தாழ்த்திக் கேட்க எனக்கு வராது. நான் பிறந்தது சேந்தமங்கலம். ஒரு சோளக்காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குக் கூப்பிட்டுப் பேசியே வளர்ந்த ஜனம் நாங்கள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து இத்தனை வருடமாகியும் என் பேச்சைக் கேட்டு இங்கே சிரிப்பார்கள். சிரித்தாலும் பதில் சொல்லாமல் மாத்திரை கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் எங்கள் பெரியப்பா மகனால் வந்தது. ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் அவர். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருந்தும் சரக்கும் ஒன்றாகச் சேரக் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனுஷன், சொன்னதைக் கேட்பவர். குடிக்கிற நாளில் மாத்திரையை மரியாதையாக நிறுத்திவிடுவார். இப்படியே நடந்துகொண்டிருந்து, ஒரு கிடா விருந்தில் வலிப்பு வந்து எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் இடது கைத் தோல் இன்றைக்கும் சுருங்கிப்போய்த்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு வாக்கியத்தில் புத்திமதி சொல்லி அனுப்புவதை விட்டுவிட்டேன். கேட்டு, பதிலை வாங்கி, அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்லித்தான் அனுப்புவேன்.

சொல்வதும் எனக்குத் தெரிந்த பாஷையில்தான். சாராயம் உள்ளே போனதும் ஈரல் மற்ற வேலைகளை ஓரமாக வைத்துவிட்டு அதைக் கரைக்க உட்கார்ந்துவிடும். நாம் போடுகிற மாத்திரைகளில் பாதியைக் கரைக்க வேண்டியதும் அதே ஈரல்தான். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் வந்தால் எதையாவது கோட்டை விடும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஆள் மயங்கிக் கிடப்பான், போதையில் கிடக்கிறான் என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள். அரிப்புக்கான மாத்திரையோடு குடித்துவிட்டு லாரியில் ஏறினால் தூக்கம் ஸ்டியரிங்கைப் பிடிக்கும். ரத்த அழுத்த மாத்திரையோடு குடித்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இதையெல்லாம் கடை வாசலில் நாலு பேர் கேட்க நான் கத்திச் சொல்லும்போது, எனக்கு எதிரே போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

அவர் எங்கள் ஊர் மாதா கோயிலின் பங்குச் சாமியார். சேலம் டவுனில் பிறந்தவர், நான் சொல்லப்போவது நடந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. ஊரில் அவரை எல்லோரும் ஃபாதர் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் உட்காரவில்லை, சாமி என்றே கூப்பிட்டேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். நான் கிறிஸ்தவள் இல்லை. மாதா கோயிலுக்குள் இரண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். அந்த இரண்டு முறையும் கோயிலுக்குள் இருந்ததைவிடப் பந்தியில் இருந்த நேரம் அதிகம்.

சாயங்காலப் பூசை இல்லாத நாளெல்லாம் ஐந்து மணிக்குச் சாமியின் மொபெட் சத்தம் கேட்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வருகிறேன் என்பார். ஒரு மாத மாத்திரையை ஒன்றாக வாங்காமல் வாரா வாரம் வாங்குவதே வந்து உட்காருவதற்குத்தான் என்பது எனக்குத் தெரியும். கோயில் தோட்டத்துக் கொய்யாவை ஒரு துணிப்பையில் கொண்டுவருவார். பதிலுக்கு நான் அவருடைய ஊறுகாய்ப் பழக்கத்தைத் திட்டுவேன். உப்பு ஆகாத உடம்பு, ஆனால் நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. "இன்னைக்கு ஒரு துண்டுதாம்மா" என்பார். எவ்வளவு பெரிய துண்டு என்று கேட்டால் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். ஜனங்கள் தங்கள் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனம் கேட்க அவர் சனிக்கிழமை முழுதும் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதாகவும், இந்தக் கடையில் ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் நடப்பதாகவும் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால்கூட என்னை இவ்வளவு கிண்டல் செய்திருக்க மாட்டார். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம்.

ஒரு வியாழக்கிழமை சாமி கன்னம் வீங்கி வந்தார். கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்திருந்தது. பல் டாக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். அதில் ஒன்று சீழுக்கும் சீதபேதிக்கும் கொடுக்கிற சாதாரண மாத்திரை, மூன்று வேளை, ஐந்து நாள். அதோடு மது சேரக் கூடாது என்பது கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் பாடம். சாராயத்தை ஈரல் இரண்டு படியாகக் கரைக்கிறது. முதல் படியில் அது ஒரு விஷமாகும், அடுத்த படியில் அந்த விஷம் தீங்கில்லாததாகும். இந்த மாத்திரை சில பேருக்கு அந்த இரண்டாவது படியை அடைத்துவிடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விஷம் உடம்பில் தங்கினால் முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை பிளக்கும், வாந்தி வரும். எல்லோருக்கும் வராது. வருகிறவர்களுக்குக் கொஞ்சமே போதும்.

அன்றைக்கும் கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். சாமிக்கு முன்னால் நின்ற பால்காரரிடம் கேட்டேன். பின்னால் நின்ற டெம்போ டிரைவரிடம் கேட்டேன். சாமியின் சீட்டை வாங்கி, அட்டையைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு, மூன்று வேளைக்கும் பேனாவில் கோடு கிழித்துக் கொடுத்தேன். சாமியிடம் கேட்கவில்லை.

மறந்து போகவில்லை. கேள்வி நாக்கு வரைக்கும் வந்தது. வெள்ளை அங்கியில், வீங்கிய கன்னத்தோடு, பாவமாக நிற்கிற அந்த மனுஷனைப் பார்த்து, நாலு பேர் முன்னால், குடிப்பீங்களா என்று எப்படிக் கேட்பது? கோயிலில் அவர் தினமும் ஒரு கிண்ணத்தை உயர்த்துவார் என்பது எனக்குத் தெரியும். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். அந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பதினெட்டு வருடத்தில் நான் ஒரு முறைகூட யோசித்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாமி வந்தார். வீக்கம் குறைந்திருந்தது, ஆனால் ஆள் வாடியிருந்தார். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, காலையில் பூசை முடிந்ததும் முகம் எரிகிறது, தலை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். இரண்டு நாளும் பூசைக்குப் பிறகுதானா என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நானோ அவர்மேல் பாய்ந்துவிட்டேன். பூசைக்கு முன்னால் எதுவும் சாப்பிடாமல் இருப்பது அவர் வழக்கம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் இப்படித்தான் எரியும், ஆண்டவருக்கே ஆனாலும் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் குறைந்து போக மாட்டார் என்று சத்தம் போட்டேன். பாதியில் நிறுத்தக் கூடாது, ஐந்து நாளும் முடித்தே ஆக வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னேன். சாமி சரி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஞாயிறு. பங்கின் கிளைக் கிராமங்கள் இரண்டுக்கும் உதவிக்கு வர வேண்டிய சாமியார் வராததால், மூன்று பூசையும் இவர் தலையில் விழுந்தது. மூன்றாவது பூசையின் முடிவில், எங்கள் ஊர்க் கோயில் பீடத்தின்மேல், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாமி தள்ளாடினார். கறுத்த முகம் செங்கல் நிறமாகிவிட்டதாகச் சொன்னார்கள். கண் சிவந்து, நாக்குக் குழறி, ஜெபத்தைப் பாதியில் விட்டு, பீடத் துணியைப் பிடித்தபடி சரிந்தார். தூக்கிக்கொண்டு போன அறையில் வாந்தி எடுத்தார். முதலில் ஓடித் தூக்கியவர் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலர், ஓய்வுபெற்ற வாத்தியார். அவருடைய அப்பா குடித்தே குடும்பத்தைத் தெருவில் விட்டவர் என்பது ஊருக்குத் தெரியும். சாராய வாடை என்றால் அந்த மனுஷனுக்கு உடம்பே கூசும். சாமியைத் தூக்கி நிறுத்தியபோது அவருடைய மூக்குக்கு நேராகச் சாமியின் வாய் இருந்தது.

திங்கட்கிழமை காலை கோயில் உபதேசியார் கடைக்கு வந்தார். சாமிக்குச் சமைப்பதிலிருந்து மணி அடிப்பதுவரை எல்லாம் அவர்தான். சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், ரத்த அழுத்தம் தாழ்ந்துபோய் டிரிப்ஸ் ஏறுவதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அழாதவர், அடுத்ததைச் சொல்லும்போது அழுதுவிட்டார். ஃபாதர் குடித்துவிட்டுப் பூசை வைத்தார் என்று ஊரே பேசுகிறதாம். வாடை வந்தது என்று செயலர் சொல்லிவிட்டாராம். சாமியார்களுக்கு மேலே இருக்கிற ஆயரின் இல்லத்துக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்களாம். அடுத்த வருடம் ஓய்வு பெற வேண்டியவர், ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் நாற்பது வருடம் ஓட்டியவர், இந்தப் பெயரோடு ஊரைவிட்டுப் போகப் போகிறாரே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"மூணு பூசையில அந்த ரெண்டு ரெண்டு மடக்கு ஒயினத் தவிர, வேற எதுவும் அவர் வாயில படலைங்க" என்றார்.

"ஒயினா?" என்றேன்.

"ஆமாங்க. திராட்சை ஒயின்."

"நெசமான ஒயினுங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நிஜமான ஒயின் இல்லாவிட்டால் பூசையே செல்லாது என்றார். கிண்ணத்தில் ஊற்றியதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சாமியார் குடித்து, தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடிக்க வேண்டும் என்றார். தினமும், வருடம் முழுக்க. கல்லாவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். சாமி கட்டிலில் சாய்ந்து, கஞ்சியை ஊறுகாய் இல்லாமல் துக்கத்தோடு குடித்துக்கொண்டிருந்தார். தலைமாட்டு மேசைமேல் நான் கோடு கிழித்துக் கொடுத்த உறை இருந்தது. அன்று காலையிலும் நர்ஸ் அதிலிருந்து ஒன்று கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர், குடிப்பாரா என்று உபதேசியாரிடம் கேட்டாராம். குருவானவரைப் பார்த்து இப்படிக் கேட்கிறீர்களே என்று இவர் கோபித்துக்கொண்டாராம். ஆக, உபதேசியாரும் என்னைப் போலத்தான். அந்த உறையைப் பையில் போட்டுக்கொண்டேன். பல் டாக்டருக்கு போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, வேறு மாத்திரை கேட்டு வாங்கினேன். டியூட்டி டாக்டரிடமும் சொன்னேன். ரத்த அழுத்த மாத்திரை, வெறும் வயிறு, மூன்று பூசை ஒயின், இந்த மாத்திரை, எல்லாம் சேர்ந்தால் ஆள் விழத்தான் செய்வார் என்று அவர் கேஸ் ஷீட்டை எடுத்து எழுதினார். பிறகு சாமியின் கால்மாட்டில் வந்து நின்று, தப்பு என்னுடையது என்றேன்.

சாமி முதலில் சிரித்தார். ஊரையெல்லாம் கேட்டீர்களே என்றார். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக வைத்தார்.

"இத யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்றார். "உங்க கைய நம்பித்தான் ஊர்ல பாதிப் பேரு மாத்திரை போடறாங்க. அந்த நம்பிக்கை போயிட்டா உங்க கடைக்கு யாரு வருவா? நான் அடுத்த வருஷம் எப்படியும் பொட்டியக் கட்டற ஆளு."

முடியாது என்றேன். சத்தியம் வாங்கிக்கொள்ளாத குறையாக மறுபடியும் மறுபடியும் சொன்னார். கடைசியில் தலையாட்டினேன். அவர் சொல்லைத் தட்ட முடியாமல்தான் தலையாட்டினேன் என்று இங்கே எழுதிவிடலாம், படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் எனக்கும் அது வசதியாக இருந்தது. பதினெட்டு வருடம் ஊரையே விரட்டி விரட்டிக் கேட்டவள் கேட்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டாள் என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க நான் தயாராக இல்லை. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரரும், சாமியே வேண்டாம் என்கிறார், உனக்கென்ன என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க நான் பேசாமலே இருந்தேன். கடையில் யாரையும் எதுவும் கேட்காமல் மாத்திரை கொடுத்தேன். உடம்பு சரியில்லையா என்று பால்காரர் என்னைக் கேட்டார்.

சனிக்கிழமை உபதேசியார் வந்து, கடிதத்தில் எண்பது பேருக்குமேல் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். சாமி வீடு திரும்பிவிட்டார். நாளைக் காலைப் பூசையை அவரே வைக்கப்போகிறார். அது முடிந்ததும் செயலர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆயர் இல்லத்துக்குக் கிளம்புகிறார். உபதேசியார் போன பிறகு, சாமியின் காலி நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் அதை உள்ளே தூக்கி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று தெரியவில்லை. முன்னால் இருந்த அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எதற்கு வந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சாமியைப் பார்க்க வந்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன். கோயில் நிரம்பி வழிந்தது. ஆனால் பாட்டுக்கு வாய் திறந்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் சாமியின் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் செயலர் இருந்தார். அவருடைய சட்டைப் பைக்கு வெளியே நீளமான ஓர் உறை தலை நீட்டிக்கொண்டிருந்தது.

பிரசங்க நேரத்தில் சாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, போன ஞாயிறு நடந்ததைத் தானே எடுத்துப் பேசினார். பல் வலிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டேன், அதோடு ஒயின் சேரக் கூடாது, சேர்ந்துவிட்டது, விழுந்துவிட்டேன் என்றார். "விசுவாசத்துக்கு அது ஆண்டவரோட இரத்தம். ஈரலுக்கு அது ஒயின்தான். என் ஈரலுக்குப் பிரசங்கம் வைக்க நான் மறந்துட்டேன்" என்றார். யாரோ ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. செயலர் தலையைக் குனிந்தபடி இருந்தார். சௌகரியமான கதை என்று அவர் நினைப்பது அவருடைய முதுகிலேயே தெரிந்தது. சாமி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"மருந்துக்கடையில எனக்குத் தெளிவா சொன்னாங்க. ஒயின் ஆகாதுன்னு சொன்னாங்க. நான்தான் காதுல போட்டுக்கல" என்றார்.

என் கால்கள் எழுந்துவிட்டன. நான் எழுந்தேன் என்று சொல்ல முடியாது.

"சாமி பொய் சொல்றாருங்க" என்றேன்.

என் குரல் எப்படிப்பட்டது என்றுதான் முதலிலேயே சொன்னேனே. மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்டது. இருநூறு தலைகள் திரும்பின. பூசைக்கு நடுவில், பீடத்தில் நிற்கிற குருவானவரை, வேற்று மதத்துக்காரி ஒருத்தி பொய்யன் என்கிறாள். சாமி மைக்கிலிருந்து வாயை எடுத்துவிட்டு, உட்காருங்கள் என்று கையை ஆட்டினார். நான் உட்காரவில்லை.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க. மாத்திரையக் கொடுத்தது நானு. ஒத்துக்கலைன்னு மறுநாளைக்கு மறுநாள் வந்து சொன்னவர வெரட்டி, தொடர்ந்து சாப்புடச் சொன்னதும் நானுதான். அவுரு மேல ஒரு தப்பும் இல்லீங்க. ஆஸ்பத்திரி டாக்டரு எழுதி வச்சிருக்காரு, போய்ப் பாத்துக்குங்க."

செயலர் மெதுவாக எழுந்து திரும்பினார். கோபமாக இல்லை. கணக்குத் தப்பிய பிள்ளையிடம் கேட்கிற வாத்தியாரின் குரலில் கேட்டார்.

"ஏம்மா, நீங்க எல்லாரையும் கேப்பீங்களே. என்னக்கூட கேட்டிருக்கீங்க. ஃபாதர ஏன் கேக்கல?"

அந்த ஒரு வாரமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கூச்சம், மரியாதை, அவசரம் என்று எனக்கு நானே விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே நின்றபோது அது ஒன்றும் வரவில்லை.

"அவுரு குடிப்பாருன்னு எனக்கு நெனைக்கவே வரலீங்க" என்றேன்.

வேறு எதையும் நான் சொல்ல நினைக்கவில்லை. யாரையும் குத்திக் காட்டவும் நினைக்கவில்லை. ஆனால் செயலரின் முகம் மாறியது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி முன்னால் பார்த்துக்கொண்டார்கள். பத்து வருடம் அவர் கையால் நன்மை அப்பம் வாங்கியவர்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானமும் பெற்றவர்களுக்கு அடக்கமும் அவர் கையால் செய்துகொண்டவர்கள், ஒரு வாடையில் நம்பிவிட்டதை, கல்யாணத்துக்கு மட்டும் கோயில் வாசலை மிதித்த ஒருத்தியால் நம்ப முடியாமல் போயிருக்கிறது. நான் அப்படி நம்பாததனால்தான் அவர் செத்துப்போகப் பார்த்தார். இரண்டில் எது மோசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. செயலர் உட்கார்ந்தார்.

சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தால் துடைத்தார். கண்ணைத் துடைக்காமல் கண்ணாடியை மட்டும் வெகுநேரம் துடைத்தார். "உக்காருங்கம்மா. பூசைய முடிச்சுக்கறேன்" என்றார்.

பூசை நடந்தது. மணி அடித்தபோது எல்லோரும் முழங்காலிட்டார்கள், நானும் முழங்காலிட்டேன். சாமி கிண்ணத்தை உயர்த்தினார். பழைய மாத்திரையைக் கடைசியாகப் போட்டது திங்கட்கிழமை காலை. ஆறு நாள் ஆகிவிட்டது. மூன்று நாள் போதும், எனக்குக் கணக்குத் தெரியும். ஆனாலும் விரலை மடக்கி மறுபடி எண்ணினேன். அதுவரை குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்திருந்தன. ஜெபம் செய்ய வேண்டிய நேரத்தில் யாரும் ஜெபம் செய்யவில்லை. ஒரு வயதான மனுஷன் இரண்டு மடக்கு குடிப்பதை இருநூறு பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அண்ணாந்து குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

நன்மை வாங்க வரிசை எழுந்தது. முதல் ஆளாகப் போய் நின்றவர் செயலர். எல்லோரும் நின்றபடி கையில் வாங்கினார்கள், அவர் மட்டும் முழங்காலிட்டு வாயைத் திறந்தார். சாமி அப்பத்தை அவர் நாக்கில் வைத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போகாமல், அவர் தலைமேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். அந்த உறை ஆயர் இல்லத்துக்குப் போகவே இல்லை என்று பின்னால் உபதேசியார் சொன்னார்.

அந்த வரிசையில் எனக்கு இடமில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சாமியின் முகத்தையே பார்த்து அழுதுகொண்டிருந்தேன். கடைசி ஆள் வாங்கிக்கொண்டு திரும்பும் வரை அந்த முகம் சிவக்காமல் கறுப்பாகவே இருந்தது.